முக்கால் வட்டி

எங்கள் ராமநாதபுரம் கரையில் வட்டியைச் சதவீதத்தில் சொல்லும் வழக்கம் கிடையாது. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஒரு ரூபாய் வட்டி, ஒன்றரை வட்டி, அவசரம் என்றால் மூன்று வட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது, பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்தக் கணக்கில்தான். மூன்று வட்டிக்குப் பழகிய காதுக்கு, "முக்கால் வட்டிதான், வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்ற சொல் இனிக்கத்தானே செய்யும்?

ராமேஸ்வரத்தில் சுற்றுலாக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் அப்படி இனித்துப்போய் ஒரு தாளோடு வந்தார். கடன் ஆறு லட்சம், ஐந்து வருடம், மாத டியூ 14,500.

"முக்கால் வட்டின்னா வருசத்துக்கு ஒம்பது. பேங்குலயும் ஏறக்குறைய அதான் சொல்றாங்க. அங்க நூறு தாள் கேப்பாங்க, இவங்க ரெண்டே நாள்ல குடுத்துர்றாங்க சார்."

பெருக்கலில் பிழை இல்லை. ஆறு லட்சத்துக்கு வருடம் 54,000. ஐந்து வருடத்துக்கு 2,70,000. அசலோடு கூட்டி 60 மாதத்துக்குப் பிரித்தால் 14,500 சரியாக வருகிறது. ஆனால் அந்தப் பதினாலாயிரத்து ஐந்நூறைப் பிரித்துப் பாருங்கள். பத்தாயிரம் அசல், 4,500 வட்டி. மாதாமாதம் அசல் பத்தாயிரம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் 4,500லேயே நிற்கிறது. கடைசி மாதம் பாக்கி நிற்பது வெறும் பத்தாயிரம். அதற்கும் வட்டி 4,500!

கைமாற்றாக வாங்கும் கடனில் அசல் அப்படியே நிற்கும். மாதம் வட்டியைக் கட்டுவோம், படகு போய் வந்து கை நிமிரும்போது அசலைத் திருப்புவோம். ரூபாய் வட்டி, முக்கால் வட்டி என்ற கணக்கெல்லாம் அந்தக் கடனுக்கு உண்டானது. அங்கே அது நேர்மையான கணக்கும்கூட. அதை டியூ கட்டும் கடன்மேல் ஏற்றியதுதான் பிளாட் வட்டி. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் அதே ஆறு லட்சத்துக்கு, அதே ஒன்பது சதவீதத்தில் டியூ 12,455 வரும். மாதம் 2,045 வித்தியாசம். அந்தத் தாளில் இருந்த 'ஒன்பது' உண்மையில் ஏறத்தாழ 15.7 சதவீதம்.

தம்பி வங்கிக்குப் போனார். மஞ்சள் போர்டு வண்டிக்குச் சொந்தக் காரின் வட்டி கிடைக்காது. பத்தரை சதவீதம் சொன்னார்கள், வருமான வரிக் கணக்கு கேட்டார்கள், ஜாமீன் கேட்டார்கள், கொஞ்சம் இழுத்தடிக்கவும் செய்தார்கள். டியூ 12,896. ஒன்பதைவிடப் பத்தரை மலிவு என்று வீட்டில் புரியவைக்கத்தான் அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. கால் சதவீதம், அரை சதவீதத்துக்காக மதுரை வரை போய் மல்லுக்கட்டுவார்கள். ஆறு லட்சத்தில் அரை சதவீதம் குறைந்தால் மாதம் சுமார் 145 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 8,700. ஒரு சதவீதம் பிராசஸிங் கட்டணம் என்றாலே அதில் ஆறாயிரம் போய்விடும். ஷோரூமிலேயே எடுக்கச் சொல்லும் இன்சூரன்ஸின் விலையைப் பத்து நிமிடம் விசாரித்தால் மிச்சம் அதைவிட அதிகமாக இருக்கலாம். கடன் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் உண்டு என்பது இந்தத் தொழிலில் ரகசியமும் இல்லை.

வருடக் கணக்கு அதைவிட முக்கியம். ஒன்பது சதவீதத்தில் ஐந்து வருடத்தை ஏழாக நீட்டினால் டியூ 9,653 ஆகக் குறையும், மொத்த வட்டி 1,47,000இலிருந்து 2,11,000 ஆக ஏறும். மற்ற ஊரில் இது பணக் கணக்கு. இங்கே துருக் கணக்கும் சேரும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து எல்லாப் பயணியும் அங்கே போகவேண்டும் என்கிறார். இரண்டு பக்கமும் கடல். காற்று அடிக்கிற நாளில் கண்ணாடியில் உப்பு படிந்து வைப்பர் போட்டால் வெள்ளையாக இழுக்கும். விவரமான ஓட்டுநர் இரவு வீடு சேர்ந்ததும் முதலில் வண்டியின் அடிப்பாகத்துக்குத்தான் தண்ணீர் அடிப்பார். அப்படியும் கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் பொரிந்து வரும். ஏழாவது வருடம் டியூ கட்டும்போது அந்த வண்டியை என்ன விலைக்குக் கேட்பார்கள்?

கீழக்கரைப் பக்கம் வேறு சிக்கல். வளைகுடாவில் நன்றாகச் சம்பாதித்துத் திரும்பியவர், வாழ்நாளில் கடனே வாங்காதவர், வங்கியில் போய் நின்றால் சிபில் மதிப்பெண்ணே இருக்காது. கடன் வாங்காத மனிதரை நம்புவதற்கு அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம்; கார் பார்க்கப் போகும் முன் அதைப் பார்ப்பது நல்லது.

2024 அக்டோபர் 1 முதல் கார் கடனுக்கும் பொருந்தும் ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது. கையெழுத்து வாங்குமுன், கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையை, உங்களுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். பிராசஸிங் கட்டணம், அவர்கள் மூலம் பிடிக்கும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, ஏ.பி.ஆர். என்று ஒரே ஆண்டு விகிதம் அதில் இருக்கும். பிளாட் வட்டி அந்த இடத்தில் ஒளிய முடியாது. வங்கியானாலும் பைனான்ஸ் கம்பெனியானாலும் விதி ஒன்றுதான். அதில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளுக்குச் செல்லும். அதுவரை நீங்கள் யோசிக்கலாம். "ஆஃபர் இன்னைக்கே முடியுது" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.