கொட்டகையில் கிடந்த ஜீப்

திருவாலங்காட்டை அடுத்த நமது பங்கின் அறைவீட்டுக்குப் பின்னால் பழைய ஓட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. நாம் இப்பங்குக்கு மாற்றலாகி வந்த 2022ஆம் ஆண்டில் விறகும், கால் ஒடிந்த பெஞ்சுகளும், திருவிழாத் தேரின் உதவாத சக்கரம் ஒன்றும் அதனுள் அடைந்து கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்தச் சொன்னோம். அடியிலிருந்து ஒரு ஜீப் வெளிப்பட்டது. நான்கு சக்கரங்களும் காற்றிழந்து மண்ணில் அமர்ந்திருந்தன. ஓட்டுநர் இருக்கையில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பொரித்து இறங்கும்வரை காத்திருந்தோம். அன்று நாம் காட்டிய பொறுமையைப் பற்றி நமக்கே பெருமையாக இருந்தது. பின்னால் வேண்டியிருந்த பொறுமைக்கு அது கால் பங்குகூட இல்லை என்பதை அப்போது அறியோம்.

அலுவலக அறையின் மரப்பெட்டியில் பதிவுப் புத்தகம் அகப்பட்டது. ஆண்டு 1967. மாவட்டம் செங்கற்பட்டு, திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல் அல்லவா? வண்டி எண்ணில் பழைய மூன்றெழுத்து முறை. உரிமையாளர் என்ற இடத்தில் பங்கின் பெயர்.

ஜீப் என்ற வண்டி இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்தது. போர் முடிந்ததும் வில்லிஸ் நிறுவனத்தார் அதனை உழவருக்கும் குடும்பத்தாருக்கும் ஏற்றதாக மாற்ற முனைந்தனர். புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வடிவமைப்பாளர் வகுத்த குடும்ப வேகன் 1946இல் வெளிவந்தது. அதுவரை இத்தகைய வேகன்களுக்கு மரத்தால் உடல் செய்வது வழக்கம். இதற்கு முழுவதும் எஃகு. ஆயினும் மரம்போலத் தோன்ற வண்ணம் தீட்டி விற்றார்கள்! 1949இல் அந்த வேகனுக்கும் நான்கு சக்கர இயக்கம் வந்தது. நமது சிற்றூர்களில் அத்தகைய வேகனைக் கண்டவர் அரியர். இங்கே ஜீப்பே வேகனாயிற்று. பின்புறம் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், மேலே கித்தான் கூரை, அவ்வளவுதான். ஒரு கலியாணக் கூட்டமே ஏறிக்கொள்ளும்.

மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து, 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். நாளடைவில் அவர்களே உற்பத்தியும் செய்தனர். நமது வண்டி சி.ஜே.3பி என்ற வகை. அமெரிக்காவில் 1953இல் தோன்றி 1968இல் நின்றுபோன இந்த வகை, இந்தியாவில் அதன் பின்னும் நெடுங்காலம் உற்பத்தியாயிற்று. இதன் முகப்பு மற்ற ஜீப்புகளைவிட உயர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் 'ஹரிக்கேன்' இயந்திரம் உயரமானது. அதற்கு இடம் தரவே முகப்பை உயர்த்தினார்கள். 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், ஒன்றிய அலுவலரும் சுகாதார நிலையத்தாரும் வந்திறங்கியது இத்தகைய வண்டிகளில்தான். ஜீப் வந்தால் அரசாங்கம் வந்தது என்று பொருள்.

நமது பங்கில் ஜீப் வந்தால் சாமியார் வந்தார் என்று பொருள். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வடிந்து மணல் ஈரமாக இருக்கும் நாள்களில், அக்கரைச் சிற்றூர்களுக்கு வேறு வண்டி எதுவும் போகாதாம். நோயாளிகளையும் பிரசவ வேதனைப்பட்ட பெண்களையும் திருவள்ளூர் மருத்துவமனைக்கு அதில்தான் ஏற்றிச் சென்றார்கள். அந்த ஜீப்பிலேயே பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவர் பங்கில் மூவர் உளர். கணக்குப் பார்த்தால் அவர்களில் ஒருவர் பிறந்தபோது ஜீப்பே வந்திருக்கவில்லை. அவரிடம் நாம் அதைச் சொல்லவில்லை.

2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. சாலைகளும் வந்துவிட்டன. அவ்வாறிருக்க இந்த வண்டியைச் செப்பனிடுவது எதற்காக என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 'பொழுதுபோக்கு' என்றோம். பங்கு நிதியில் ஒரு காசும் எடுப்பதில்லை என்று வாக்களித்தோம். ஆயர் இல்லத்தில் எழுத்து மூலம் அனுமதியும் பெற்றோம். திங்கட்கிழமை நமக்கு ஓய்வு நாள். ஐம்பதைக் கடந்த குருவானவர் ஓய்வு நாளில் உறங்கலாம், அல்லது உடன் குருக்களோடு அமர்ந்து மாற்றல் செய்திகளைப் பேசலாம். இரண்டையும்விட இது தீங்கற்றது என்று தோன்றிற்று.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள்; ஸ்பானர் பிடிக்கக் கற்பிக்கவில்லை. அதற்கு ஒரு பெரியவர் வாய்த்தார். எழுபத்தைந்து வயது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களையும் லாரிகளையும் பழுது பார்த்தே வாழ்ந்தவர். சொந்தமாகச் சிறு பட்டறையும் பழைய லேத்து ஒன்றும் வைத்திருந்தார். கண் மங்கிய பிறகு பட்டறையை மூடிவிட்டார். "போல்ட்ட முறுக்காதீங்க சாமி. முதல்ல அதுகூடப் பேசுங்க" என்பதே அவர் நமக்குச் சொன்ன முதல் பாடம். துருவேறிய ஒவ்வொரு மரைக்கும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் விட்டு, பிறகு சற்றே முன்னும் சற்றே பின்னுமாக அசைக்க வேண்டும். நாம் ஒருநாள் அவர் வருமுன் ஆர்வத்தால் முறுக்கி, புகைபோக்கிக் குழாயின் போல்ட் ஒன்றைத் தலையோடு ஒடித்தோம். ஒடிந்த துண்டைத் துளையிட்டு எடுக்க அவருக்கு நான்கு திங்கட்கிழமைகள் ஆயின. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் நான்கு சிலிண்டர்களுக்கும் நெருப்புப் பொறி வரிசையாகப் போகும் என்று எண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என வயர்களை மாட்டிவிட்டோம். பெரியவர் சுழற்றியதும் வண்டி பீரங்கிபோல் வெடித்தது. கொட்டகை ஓட்டிலிருந்து புறாக்கள் பறந்தன. முறையான வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. அதிர்வு ஒரே பக்கம் சேராமலிருக்க அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய இரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். ஆகவே எண்ணெய்க் குழாய்களையும், பெட்ரோல் பம்பினுள் இருக்கும் இரப்பர்த் தகட்டையும் புதிதாக மாற்றினோம். எத்தனால் கரும்பிலிருந்தும் வருவது. "வாழ்க்கை முழுக்கக் கரும்பு வண்டி பார்த்தேன், இப்ப வண்டியே கரும்பு குடிக்குது" என்று பெரியவர் சிரித்தார்.

இனி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரும்புப் பெட்டிக்கு வருவோம். கியர் பாக்சின் பின்னால் அமர்ந்து, இயந்திரத்தின் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து தருவது இதுவே. ஓட்டுநர் பக்கத்தில் உள்ள இரண்டு குட்டைத் தண்டுகளில் ஒன்று முன் சக்கரங்களை இணைக்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். நமது வண்டியில் இந்தப் பெட்டியின் நடுத்தண்டு நெடுங்காலம் ஆடி ஆடி, தான் அமரும் துளைகளை முட்டை வடிவாக அரித்துவிட்டிருந்தது. எண்ணெய் ஊற்ற ஊற்ற ஒழுகிற்று. புதிய தண்டைச் சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கினோம். ஆனால் வீங்கிய துளையைக் கடைந்து நேராக்கி அதற்குள் எஃகு புஷ் ஒன்றை இறுக்கினாலன்றிப் பயனில்லை. பெரியவரின் லேத்துத் துருப்பிடித்துக் கிடந்தது. அவர் கண்ணும் இடந்தரவில்லை.

அவருக்கு ஒரு மகன் உண்டு. தந்தையின் பட்டறையில் தொழில் கற்றவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பட்டறையை விட்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கணிப்பொறி லேத்து இயக்கும் வேலைக்குப் போய்விட்டார். தம் தொழிலை மகன் இழிவாக எண்ணினான் என்று தந்தை கொண்டார். வறுமையிலேயே உழலச் சொல்கிறார் என்று மகன் கொண்டார். அன்றுமுதல் பேச்சில்லை. தாயின் அடக்கத்தின்போதுகூட இருவரும் கல்லறைக்கு இருபுறமும் நின்றார்களாம்.

நாம் பெரியவரிடம், 'தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செய்துவருகிறோம்' என்று மட்டும் சொன்னோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. குருமடத்தில் கற்ற அறநெறியியல் இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு காட்டும். பெரியவர் காட்டமாட்டார் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது.

பெட்டியைக் கோணிப்பையில் கட்டி, திருவாலங்காட்டில் மின்சார ரயில் ஏறி, சென்னை சென்டிரலில் இறங்கி, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேறு ரயில் பிடித்தோம். "பலாப்பழமா சாமி?" என்று எதிரில் இருந்த அம்மாள் கேட்டார். தூக்கிப் பார்க்கச் சொன்னோம். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மகன் அதைத் தம் நண்பரின் சிறு பட்டறைக்கு எடுத்துச் சென்று, வேலை நேரம் முடிந்த பின் இரண்டு மாலைகளில் கடைந்து கொடுத்தார். யாருடைய வேலைக்கு என்று நாமும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் புஷ்களைத் துளையில் ஏற்றாமல் தனியே காகிதத்தில் சுற்றித் தந்தார். "அடிச்சு ஏத்துறது கைவேலை ஃபாதர். அங்க செய்யட்டும்" என்றார்.

அடுத்த திங்களன்று பெரியவர் புஷ்ஷைக் கையில் வாங்கினார். கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரல் நகத்தை விளிம்பைச் சுற்றி ஓட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கடைந்து முடித்தபின் கூரிய விளிம்பை அரத்தால் மெல்லத் தட்டி மழுக்குவதை 'ஓரம் உடைத்தல்' என்பார்கள். "ஓரத்தை இப்படி உடைக்கிறவன் ஒருத்தன்தான்" என்றார். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." புஷ்ஷைக் காகிதத்தில் மீண்டும் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த திங்களும் வரவில்லை. ஞாயிறு பூசையிலும் காணவில்லை. ஒரு பழைய வண்டிக்காக ஒரு மனிதரின் நம்பிக்கையை உடைத்தோமே என்ற எண்ணம் நம்மை உறங்கவிடவில்லை. அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்பதென்று துணிந்திருந்த புதன்கிழமை மாலையில், அவரே வந்து திண்ணையில் அமர்ந்தார். நாம் வாய் திறக்குமுன், "துளையைவிடப் புஷ் எவ்வளவு பெரிசா வச்சிருக்கான்? பெட்டியைச் சுட வச்சு ஏத்தணுமா, சும்மா ஏத்தலாமா? அது தெரியாம நான் எப்படி அடிக்கிறது?" என்றார்.

நமக்கு அதற்கு விடை தெரியாது. கைப்பேசியில் மகனின் எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்துவிட்டு, காப்பி போடும் பாவனையில் உள்ளே போனோம். அவர்கள் பேசியதில் நம் காதில் விழுந்தது இவ்வளவே: "நூத்துல மூணா? அப்போ சுட வைக்கணும்... தெரியும்டா, எனக்கே சொல்றியா?"

மறு ஞாயிறு மகன் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்தார். மீன் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கிப் புஷ்களை அதில் புதைத்தார்கள். பெட்டியை அடுப்பில் சூடாக்கினார்கள். குளிர்ந்த எஃகு சுருங்க, சூடான துளை விரிய, பெரியவர் மரக்கட்டையை வைத்து மூன்று தட்டுத் தட்டினார். ஓசை மாறியதைக் கேட்டு நிறுத்தினார். மகன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பேத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தாவை அவள் பார்த்தது அதுவே முதல் முறை.

வண்டி உருப்பெற்றபின் இன்னொரு கேள்வி எழுந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய நடுவண் அரசு 2021இல் விதி வகுத்திருக்கிறது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பெருமைதான். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எண்ணெய் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே வெளியே எடுக்கலாம். திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 31 சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை அங்கிருப்பதே முறை. நமது ஜீப்பும் அத்தகையதா? நமக்குச் சற்று ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை. பெரியவரைக் கேட்டோம். "ஓடாத வண்டிக்கா இத்தனை வைத்தியம் பார்த்தோம்?" என்றார். ஆகவே பழைய பதிவையே புதுப்பிக்க விண்ணப்பித்து, தாமதக் கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்திச் சான்று பெற்றோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதே அலைச்சல் உண்டு. இப்போது மாதம் இருமுறை, அக்கரையில் படுக்கையில் கிடக்கும் முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்வது அதில்தான். லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் தருவதில்லை. பங்குப் பேரவையின் அந்த உறுப்பினர் இதனை நினைவூட்டத் தவறுவதுமில்லை.

முதல் ஓட்டத்தன்று ஆற்று மணலில் இறங்குமுன், முன் சக்கரத் தண்டை இழுக்கச் சொன்னார் பெரியவர். கரையேறித் தார்ச்சாலை வந்ததும் அதை விடுவிக்கச் சொன்னார் மகன். கெட்டித் தரையில் வளையும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடவேண்டும்; பின்னவற்றோடு பிணைத்தே வைத்திருந்தால் பல்சக்கரங்கள் முறுகிப்போகும் என்று விளக்கினார். "அதை நான் சொல்ல வர்றதுக்குள்ள சொல்லிட்டான்" என்றார் தந்தை.

இரவில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்தோம். காலையில் பார்த்தால் நடுவே ஒரு துளி எண்ணெய். மகன், கியர் பாக்ஸ் சீலிலிருந்து வந்தது என்கிறார். தந்தை, புஷ் பக்கம்தான் என்கிறார். அடுத்த ஞாயிறு இருவரும் வந்து கழற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.