அழியும் வாகை

எங்கள் தேவாலயத்து ஞாயிறு பள்ளியில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லி வருகிறேன். அண்மையில் ஒரு ஞாயிறன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம் பாடமாக அமைந்தது. ஓட்டக்காரரையும் குத்துச்சண்டைக்காரரையும் எடுத்துக்காட்டி, அழியும் கிரீடத்தையும் அழியாத கிரீடத்தையும் அவர் ஒப்பிடும் பகுதி அது. “அழியும் கிரீடம் எப்படியிருக்கும்? வரைந்து காட்டுங்கள்” என்றேன். அத்தனை பிள்ளைகளும் மணிகள் பதித்த பொன்முடியையே வரைந்தனர். குற்றம் அவர்களுடையதன்று. கிரீடம் என்ற சொல்லைக் கேட்டால் தமிழ்ப் பிள்ளைக்கு அரசன்தானே நினைவுக்கு வருவான்!

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஸ்தெபனோஸ். வென்றவன் தலையில் சூட்டும் தழை வளையத்தை அது குறிக்கும். நம் முன்னோர் சூடிய வாகைக்கு மிக நெருங்கிய சொல் அது. முதல் இரத்த சாட்சியான ஸ்தேவானின் பெயரும் அதே சொல்தான் என்றதும், வகுப்பிலிருந்த ஸ்டீபன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆண்டவருக்குச் சூட்டிய முள்முடிக்கும் சுவிசேஷங்களில் அதே சொல்லே வழங்குகிறது என்று சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று.

கொரிந்து நகருக்கு அருகே, இஸ்த்மியா என்னுமிடத்தில், கடல் தெய்வமான பொசைடனின் பெயரால் ஈராண்டுக்கு ஒருமுறை விளையாட்டுகள் நடைபெற்றன. அங்கே வென்றவனுக்குப் பைன் மரத் தழையைச் சூட்டினர். சில காலங்களில் உலர்ந்த செலரித் தழையும் சூட்டப்பட்டது. “சூப்பில் போடுவார்களே, அந்தச் செலரியா ஐயா?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. அதே இனந்தான் என்றேன். வாடிப்போன செலரிக்காக ஒருவன் மாதக்கணக்கில் உணவைக் குறைத்து உடலை வருத்துவானா? வருத்தினான். அதைத்தான் பவுல் கொரிந்தியர்க்கு நினைவூட்டினார்.

அவர் ஏறத்தாழ கி.பி. 50 முதல் 52 வரையில், பதினெட்டு மாதங்கள் கொரிந்துவில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர். 51ஆம் ஆண்டில் அங்கு விளையாட்டுகள் நடந்திருக்க வேண்டுமென்பது ஆய்வாளர் கருத்து. திரண்டு வந்த கூட்டத்திற்குக் கூடாரங்கள் விற்றிருப்பாரோ என்னவோ! 1952ஆம் ஆண்டு முதல் ஆஸ்கர் புரோனியர் அங்கே அகழ்ந்தபோது, ஓட்டம் தொடங்குமிடத்தில் கல்லில் வெட்டிய பள்ளக் கோடுகள் வெளிப்பட்டன. தொடக்கி வைப்பவர் ஒரு குழியில் நின்றுகொண்டு, அக்கோடுகளின் வழியே சென்ற கயிறுகளால் ஓட்டக்காரர் முன்னிருந்த தடைக்கோல்களை விழச் செய்வார். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டவே கால்மணி நேரம் ஆயிற்று, பிள்ளைகள் விடவில்லை.

சபைப் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. “விக்கிரகங்களின் திருவிழாவை வேதவகுப்பில் ஏன் தம்பி விளக்குகிறீர்?” என்றார். அவர் கவலையை நான் இகழவில்லை. ஒலிம்பியாவிலும் சேயுசு தெய்வத்திற்குப் பலி உண்டு. போட்டியாளர் ஆடையின்றியே ஓடினர். இவற்றை நான் மறைக்கவுமில்லை, விரித்துரைக்கவுமில்லை. பலிபீடத்தை விட்டுவிட்டு ஓட்டக்காரனின் இச்சையடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் பவுலுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அது தெரியவேண்டும் என்றேன். அவர் முழுதும் உடன்பட்டாரென்று சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு ஒலிம்பியாவின் ‘சானேஸ்’ சிலைகளைப் பற்றிக் கூறினேன். கி.மு. 388இல், தெசலி நாட்டு யூப்போலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிராளிகள் மூவருக்குக் கையூட்டுக் கொடுத்து வென்றான். நால்வருக்கும் தண்டம் விதித்து, அப்பணத்தில் ஆறு வெண்கலச் சிலைகள் செய்து, பந்தயத் திடலுக்குச் செல்லும் வழியில் நிறுத்தினர். போட்டிக்குப் போகும் ஒவ்வொருவனும் அவற்றைக் கடந்தே போகவேண்டும்.

அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: “ஐயா, நீங்கள் படிப்பித்த பள்ளியெல்லாம் எப்போதும் நேர்மையாகவா வென்றது?”

சும்மா கேட்ட கேள்விதான். எனக்கோ நா எழவில்லை. 1996இல், பயிற்சிக் கல்லூரியை முடித்து வந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பு என்னுடையது. மாவட்டத் திடல் தடப் போட்டியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஓட்டத்திற்கு ஒரு பையனை அனுப்பினோம். அவனுக்குப் பதின்மூன்று வயது கடந்திருந்தது. காட்டியது அவன் தம்பியின் பிறப்புப் பத்திரம். நான் அறிவேன், வாய் திறக்கவில்லை. அவன் நெஞ்சால் நாடாவை அறுத்துக்கொண்டு ஓடியபோது எல்லாரையும்விட உரக்கக் கத்தியவனும் நானே. இரண்டாவதாக வந்த பிள்ளை திடலோரத்தில் அமர்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றே திரும்பிக்கொண்டேன்.

வேறொரு கதை சொல்லித் தப்பியிருக்கலாம். “இல்லை அம்மா” என்று தொடங்கி, நடந்ததை அப்படியே சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டனர்.

“அந்தக் கிண்ணம் இப்போது எங்கே ஐயா?” என்றான் ஸ்டீபன்.

“அந்தப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கும்” என்றேன்.

வகுப்பு முடிந்ததும், அப்பள்ளியின் இன்றைய தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.