பசியும் பிணியும்

தில்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று சொல்வார் உண்டு. ஒன்றில் மட்டும் நாம் அனைவரும் ஒருமனப்பட்டவர்களே. அது விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறுவது! அந்தக் குறைகூறலின் நிழலில் ஒரு கொடிய நோய் ஒளிந்துகொள்ளக் கூடும் என்பதை நான் நேரில் கண்டேன்.

ஈராண்டுக்கு முன் எங்கள் விடுதிக்கு நெல்லைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். வயது 17. அவள் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

தட்டில் வைத்த ரொட்டி அப்படியே கிடக்கும். "ஒத்துக்கிடல அக்கா" என்பாள். யார்தான் ஐயுறுவார்? செவ்வாயும் வெள்ளியும் விரதம் என்றாள், பக்தியைப் பாராட்டினார்கள். உடல் இளைத்தது, கொடி போல் இருக்கிறாய் என்று அதையும் பாராட்டினார்கள்.

அவள் அம்மா ஊரிலிருந்து முறுக்கும் பருப்புப் பொடியும் அனுப்பியபோதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. எல்லாவற்றையும் எங்களுக்குப் பங்கிட்டுவிட்டு, நாங்கள் தின்பதைக் கண்கொட்டாமல் பார்த்திருந்தாள். தான் ஒரு துண்டும் தொடவில்லை. ரொட்டி ஒத்துக்கொள்ளாது, சரி, அம்மாவின் முறுக்குமா? பிறகு கவனித்தேன். சமையல் குறிப்புகளை நோட்டில் எழுதி எழுதி வைப்பாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் ஒதுக்குவாள். பங்குனி வெயிலிலும் கம்பளிச் சட்டை. சீப்பில் கொத்துக் கொத்தாய் முடி. மாதவிலக்கு நின்று மூன்று மாதம். ஒருநாள் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

இது பிடிவாதம் அன்று, பக்தியும் அன்று, நோய். 1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்கு 'அனோரெக்ஸியா' என்று பெயரிட்டார். பசியின்மை என்பது அதன் பொருள். உண்மையிலோ பசி இருக்கிறது. அதைப் பகையாக எண்ணி மனம் போராடுகிறது. இன்னொரு வகை, அளவின்றி உண்டு, பின் மறைவில் வாந்தி எடுப்பது. அவர்கள் உடல் இளைக்காமலும் இருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய்கள் வருவதுண்டு.

1945-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களை, அவர்கள் இசைவோடு, ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களும் உணவைத் தவிர வேறு நினைவின்றித் தவித்தார்கள். சிலர் சமையல் நூல்களைச் சேர்த்தார்கள். பட்டினியே மனத்தை மாற்றிவிடுகிறது. ஆகவேதான் "சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை பயன் தருவதில்லை.

நான் அவளிடம் உணவைப் பற்றிப் பேசவில்லை. தனியே அழைத்து, "உனக்குக் குளிர்கிறது, தலை சுற்றுகிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது. டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன்" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சினந்து போய்விட்டாள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் இரவு கதவைத் தட்டினாள். "சாப்பிடணும்னுதான் நினைக்கேன் அக்கா. கை வாய்க்கு வரமாட்டேங்கு" என்று அழுதாள்.

மறுநாள் பல்கலைக்கழக மருத்துவர் நாடி பார்த்தார்; நிமிடத்துக்கு 44 துடிப்பு. இரத்தமும் இதயமும் சோதித்து, பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டினால் இரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அங்கேதான் அறிந்தேன். அவள் அம்மா வந்தார். ஊருக்கு அழைத்துச் சென்றார். வேளை தவறாமல் பெற்றோர் அருகில் அமர்ந்து உண்ணச் செய்வதும் மருத்துவத்தின் பெரும்பகுதியாம். படிப்பில் ஓராண்டு போயிற்று.

இப்போது திரும்பி வந்திருக்கிறாள். சில நாள் தட்டின் முன் அரைமணி நேரம் போராடுகிறாள். நாங்கள் வேறு கதை பேசிக்கொண்டு உடன் இருக்கிறோம்.

நண்பர்களே, பிறர் உடம்பைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். ஐயம் எழுந்தால் மெல்லப் பேசுங்கள். மருத்துவரிடம் கூடவே செல்லுங்கள். 2022-ல் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் அதற்கும் காத்திராமல் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.