துணியில் ஒட்டிய சிவப்பு

வெடிப்பு கண்ணில் படுவதற்கு முன்பே துணியில் சிவப்பு ஒட்டத் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரின் கூரையை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை பனியன் துணி இளஞ்சிவப்பானது. முந்தின நாள்தான் திருச்செந்தூர் போய் வந்திருந்தேன். வழியில் உள்ள தேரியின் செம்மண் படிந்திருக்கும் என்று நினைத்து, துணியை அலசிப் பிழிந்து மறுபடியும் தேய்த்தேன்.

2008இல் வாங்கிய கார் அது. சிவப்புதான் வேண்டும் என்று சொன்னவர் அப்பா. மாதம் ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நாற்பது கிலோமீட்டர், முன் சீட்டில் அவர், மடியில் அர்ச்சனைக் கூடை. 2013இல் அவர் போய்விட்டார். காரை விற்க எனக்கு மனம் வரவில்லை. வாரம் தவறாமல் கழுவினேன். கழுவினால் மட்டும் போதாது என்று பட்டது; காம்பவுண்ட் டப்பா வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெஷின் பாலிஷுக்கும் விட்டேன். தேய்த்து முடித்ததும் கூரையில் வானம் தெரியும். அப்பாவுக்குச் செய்யத் தவறியதை எல்லாம் அந்தத் தகரத்துக்குச் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் கார் நிறுத்த நிழல் கிடையாது. கடல் காற்றும் உப்பும் மத்தியான வெயிலும் நேராக மேலே விழும். 2017 கோடையில், முன் கண்ணாடிக்கு மேலே கூரையில் மெல்லிய கோடுகள் ஓடின. வற்றிய குளத்தில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்குமே, அதே கோலம்; அளவு மட்டும் சிறியது. காம்பவுண்ட் அந்தக் கோடுகளுக்குள் புகுந்து வெள்ளையாக உறைந்துகொண்டது. அதை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் "கம்பெனி பெயின்ட் சரியில்லை" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து செய்ததுதான் பெரிய தப்பு. கலருக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்குக் கிளியர் என்று பெயர். பெயின்ட் கடையில் அதை ஸ்ப்ரே டப்பாவில் விற்கிறார்கள். ஒன்றை வாங்கி, வெடிப்பின் மேலேயே அடித்தேன். அன்று சாயங்காலம் கண்ணாடி போல இருந்தது. மூன்றே வாரத்தில் பழைய கோடுகள் அதே இடத்தில் மேலே வந்தன. ஓரங்களில் புதுப்பூச்சு சுருங்கித் தூக்கிக்கொண்டு நின்றது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போய், வெண்படை போலத் திட்டுத் திட்டாக வெளுத்தது. கார்த்திகை முடிவதற்குள், வெயிலில் போய்வந்த முதுகில் தோல் உரிவதைப் போலக் கிளியர் காற்றில் பறந்தது.

அதற்குப் பிறகுதான் பெயின்டர் அண்ணாச்சியிடம் போனேன். நாற்பது வருடமாக டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருப்பவர். கூரையில் செல்லோ டேப் ஒன்றை ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்தி, வெடுக்கென்று உரித்தார். டேப் முழுக்கக் கண்ணாடிச் செதில். பிறகு மகன் வைத்திருந்த பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரைக் கதவில் வைத்தார்: 114 மைக்ரான். செதில் போகாமல் நல்லதாகத் தெரிந்த இடமாகப் பார்த்துக் கூரையில் வைத்தார்: 81.

"எவ்வளவு தேய்ச்சிருக்கிய தம்பி?"

நான் துணியில் வந்த சிவப்பைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மேல கிளியர் இருந்தா துணியில கலர் வராது. கலர் வந்துதுன்னா அந்த இடத்துல கிளியர் போயிட்டுன்னு அர்த்தம். வெயில் பாதியத் தின்னுது, மீதிய நீங்க தின்னுட்டிய."

கம்பெனியில் அடிக்கும் கிளியர் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் பருமன்கூட வராது. அதற்குள்தான் வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கித் தாங்கும் மருந்துகளைக் கலந்திருப்பார்கள். வெயில் பட்டுப் பட்டு அந்த மருந்து தீரும், பூச்சு முறுகிப்போகும். தகரம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கூரை, பானெட், டிக்கி மூன்றும்தான் முதலில் போகும். காம்பவுண்ட் என்பது பொடி கலந்த குழம்பு. மங்கின மேல்தோலை அரைத்து எடுத்துவிட்டுத்தான் பளபளப்பைக் காட்டும். அரைக்க அரைக்கப் பூச்சு மெலியும். மெலிந்த பூச்சு வெயிலை அடியில் இருக்கும் கலர்வரை விட்டுவிடும். அங்கே பிடிப்பு போனால் மேலே இருப்பது உரியாமல் என்ன செய்யும்? வெடித்த பிறகு எந்தப் பாலிஷும் எந்த மெழுகும் அதை ஒட்டவைக்காது. அதன் மேல் புதுக் கிளியர் அடிப்பது, இடிந்த சுவரின் மேல் சுண்ணாம்பு அடிப்பது.

கூரைக்கும் பானெட்டுக்கும் சேர்த்துப் பதினாலாயிரம் சொன்னார். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கேட்டேன்.

மரக்கட்டையில் எமரித் தாளைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். கிளியர் கரையும்வரை தண்ணீர் பால் போல வழிந்தது. கலரைத் தொட்டதும் சிவப்பாக ஓடியது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு என் பனியன் துணி நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அப்படித்தான் வழிந்து போயிருக்கின்றன.

தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் சேரும் ஓரம்தான் இந்த வேலையின் உயிர். "கண்ண மூடிக்கிட்டுத் தடவுங்க" என்றார். விரல் நுனியில் ஒரு படி தட்டியது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. அந்தப் படி கரையும்வரை, 320இலிருந்து 600க்குத் தாளை மாற்றி மாற்றி இன்னும் ஒரு மணி நேரம் தேய்த்தார். அதற்குப் பிறகு ஹார்ட்னர் கலந்த பிரைமர். அது காய்ந்ததும் மறுபடி 800இல் தண்ணித் தேய்ப்பு. மூன்று கோட் கலர், கடைசியாக ஹார்ட்னர் கலந்த கிளியர் இரண்டு கோட்.

கிளியர் அடிக்கும்போது அவர் மூக்கில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு. கைக்குட்டை அதைத் தடுக்காது. அவருக்கு இருமல் இருந்தது. வேலை முடிந்த மறுநாள் கரி வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு வாங்கிக் கொடுத்தேன், ஒன்று அவருக்கு, ஒன்று உதவிப் பையனுக்கு. பையன் போட்டுக்கொள்கிறான். அண்ணாச்சியிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரை எடுக்கும்போது ஒன்று சொன்னார்: "அறுபது நாளைக்கு மெழுகு, பாலிஷ் எதுவும் வேண்டாம். உள்ள இருக்க தின்னர் முழுசா வெளிய போகணும். தண்ணியும் ஷாம்பும் போதும்."

வீட்டு வாசலில் நாலு மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாய் கட்டினேன். பத்து வருடத்துக்கு முன்பே கட்டியிருக்க வேண்டிய பந்தல். அப்படியும் முதல் வாரத்திலேயே காக்கை ஒன்று ஓரமாக வந்து பானெட்டில் எச்சமிட்டுப் போயிருந்தது, அதுவும் காய்ந்து. எச்சத்தை அப்படியே விட்டால் கிளியரை அரிக்கும்; காய்ந்ததைத் தேய்த்தால் கீறல் விழும். கை தன்னால் துணியை எடுத்துவிட்டது. துணியைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் அதன் மேல் விரித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து அப்படியே தூக்கினேன். எச்சம் துணியோடு வந்துவிட்டது. துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு இல்லை.