கல்லில் அழிந்ததும் கணினியில் பிழைத்ததும்

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தோர்க்குத் திருமயம் மலையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1687இல் கிழவன் சேதுபதி எழுப்பிய கோட்டையையும், அம்மலையின் தென்சரிவில் அடுத்தடுத்துக் குடைந்தெடுக்கப்பட்ட சிவன் கோயிலையும் பெருமாள் கோயிலையும் காணப் பள்ளிப் பருவத்திலேயே நம்மை அழைத்துச் சென்றிருப்பர். ஆனால் சிவன் குடைவரையில் சிதைந்து கிடக்கும் இசைக் கல்வெட்டின் முன் நிற்போர் மிகச் சிலரே. குடுமியான்மலைக் கல்வெட்டோடு வைத்து எண்ணத்தக்க அக்கல்வெட்டின் பெரும்பகுதி இன்று இல்லை. பிற்காலத்தார் பழைய எழுத்துகளைச் செதுக்கி நீக்கி, அதே பரப்பில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பொறித்துவிட்டனர். புதியதும் வரலாற்றுக்கு வேண்டியதே. எனினும் அதன் அடியில் போனது போனதுதான், மீட்க வழியில்லை.

பழையதன் மீது புதியதை எழுதும் இச்செயல் கல்லோடு முடிந்துவிடவில்லை. கணினியில் அது நாள்தோறும் நிகழ்கிறது. ஒரே பெயருடைய இரு கோப்புகளில் ஒன்றை மற்றொன்றின் மேல் நகலெடுத்தால், அடியிலிருந்தது மறைந்துவிடும். உளி ஓசையாவது கேட்கும். இங்கே ஓசையும் இல்லை. இவ்வகையில் எங்கள் தமிழ்த்துறைக்கு நேரவிருந்த ஓர் இழப்பைத் தடுத்த எளிய மென்பொருளைப் பற்றி எழுதுவதே என் நோக்கம். தமிழாசிரியனுக்குக் கணினியில் என்ன வேலை என்று பெரியோர் எவரேனும் வினவக்கூடும். ஏடு தேடிய மரபில் வந்தவர்கள் நாம்; ஏடு இன்று வன்தட்டில் கிடக்கிறது, அவ்வளவே.

அம்மென்பொருளின் பெயர் மிட்நைட் கமாண்டர். தமிழில் நள்ளிரவுத் தளபதி எனலாம். பெயரளவுக்கு அதில் போர்க்கோலம் ஏதும் கிடையாது. நீலத் திரையில் இடமும் வலமுமாக இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோப்புறையின் பட்டியல், அடியில் ஒரு கட்டளை வரி, அதற்கும் கீழே 1 முதல் 10 வரை எண்ணிட்ட பணிகள். படங்கள் இல்லை, சுட்டெலி இல்லாமலே முழுவதையும் இயக்கலாம். தாப் விசையைத் தட்டினால் ஒரு கட்டத்திலிருந்து மற்றதற்குத் தாவலாம். எஃப்3 கோப்பைப் படித்துக் காட்டும், எஃப்4 திருத்த விடும், எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 இடம் மாற்றும், எஃப்7 புதிய கோப்புறை அமைக்கும், எஃப்8 அழிக்கும். கோப்புகளைக் கையாள்வதில் அன்றாடம் வேண்டுவன பெரும்பாலும் இவற்றில் அடங்கிவிடுகின்றன.

இந்த இரு கட்ட அமைப்பு 1986இல் டாஸ் கணினிகளுக்காக ஜான் சோச்சா உருவாக்கி, பீட்டர் நார்ட்டன் நிறுவனம் விற்ற நார்ட்டன் கமாண்டரிலிருந்து வந்தது. அது விலைக்குரியது; அதன் மூல நிரலைப் பயனர் பார்க்க இயலாது. 1994இல் மெக்சிகோ நாட்டு இளைஞர் மிகேல் டி இகாசா அதே அமைப்பை யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் புதிதாக எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று வெளியிட்டார். பின்னர் 1997இல் குனோம் என்னும் திரைச்சூழல் திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் அவரே. மிட்நைட் கமாண்டர், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் பொது உரிமத்தில் வழங்குகிறது. அவ்வுரிமத்தின் பொருள் இலவசம் என்பதோடு நிற்பதன்று. இயக்கலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பயிலலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு அதே உரிமையோடு அளிக்கலாம். ஆசான் சொன்னதை மாணாக்கன் தன் கையால் படியெடுத்து, தன் மாணாக்கர்க்கு உரையும் சேர்த்து வழங்கிய நம் பழைய கல்வி முறைக்கு இது அயலானதன்று என்பது என் கருத்து.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் துறையில் முன்னர்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், திருமயம் வட்டத்துக் கண்மாய்ச் சொற்களைப் பல்லாண்டுகளாகத் திரட்டி வந்தார். மடை, கலிங்கு, குமிழி, வாரி, உள்வாய், நீர்பிடிப்பு என ஊர் ஊராகச் சென்று, நீர்ப்பாய்ச்சும் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவை அவை. அவர் மறைந்த பின், அவர்தம் மகளார் பழைய கணினியொன்றையும் ஒரு பென்டிரைவையும் துறைக்குக் கொண்டுவந்து வைத்தார். “அத்தா சேர்த்ததெல்லாம் இதுலதான் இருக்கு சார். கடையில காட்டினா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் ஓடும்னு சொல்றாங்க” என்றார். கடைக்காரருக்குக் கணினி ஓட வேண்டும். எங்களுக்கோ அதனுள் இருப்பவை வேண்டும்.

விண்டோஸ் பாதி வழியில் நின்றுவிடும் அக்கணினியை, எங்கள் மாணவன் ஒருவன் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் கொண்டு எழுப்பினான். அழகிய திரையைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் வந்தன. கட்டளைகளை மனப்பாடமாகத் தட்டும் பயிற்சி எனக்குக் கிடையாது. அவனோ, “இதைப் பாருங்க சார்” என்று இரண்டே எழுத்துகளைத் தட்டினான். நீலக் கட்டங்கள் இரண்டும் தோன்றின. அந்நொடி முதல் வேலை என் கைக்கு வந்தது.

முதலில் மகளார் தந்த பென்டிரைவிலிருந்த கோப்புகளைத் துறையின் புதிய வன்தட்டுக்கு நகலெடுத்தோம். பின்னர் இடக் கட்டத்தில் பழைய கணினியின் கோப்புறையையும் வலக் கட்டத்தில் புதிய வன்தட்டையும் திறந்து, இன்சர்ட் விசையால் வேண்டியவற்றைக் குறித்து, எஃப்5 தட்டினேன். பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென நின்று, சிவப்புக் கட்டமொன்று வந்தது. இதே பெயரில் அங்கே ஒரு கோப்பு ஏற்கெனவே உண்டு. மேலெழுதவா என்பது கேள்வி. கேள்வி மட்டுமன்று: வரவிருக்கும் கோப்பின் அளவும் நாளும், இருக்கும் கோப்பின் அளவும் நாளும் மேலும் கீழுமாகக் காட்டப்பட்டிருந்தன. கணினியில் இருந்தது பிந்திய நாளினது. ஆனால் அளவில் பாதிகூட இல்லை. பென்டிரைவில் இருந்தது முந்தியது, பெரியது.

புதியதே சிறந்தது என்பது இன்று பலரும் ஐயமின்றிக் கொள்ளும் முடிவு. மேலெழுதலாம் என்று விடை கூறியிருந்தால் அம்முடிவே வென்றிருக்கும். வேண்டாம் என்று கூறிவிட்டு, கணினியில் இருந்ததை வேறு பெயரில் நகலெடுத்துவைத்தேன். நகலெடுக்கும்போதே பெயரை மாற்றித் தட்ட எஃப்5 இடம் தருகிறது. பின்னர் ஒப்பிட்டபோது விளங்கியது: சிறிய கோப்பு, ஏதோ ஒரு கட்டுரைக்காக அவர் சுருக்கிய படி, அதில் சொல்லும் பொருளும் மட்டுமே உண்டு. எந்த ஊரில், எத்தொழில் செய்பவரிடம், எந்தச் சொற்றொடரில் கேட்டது என்னும் குறிப்புகள் யாவும் பெரிய கோப்பில் இருந்தன. சொல்லாய்வுக்கு உயிர் அக்குறிப்புகளே அல்லவா? இதே கேள்வியை வேறு மென்பொருள்களும் கேட்பதுண்டு. ஆயினும் இரு இடங்களும் கண்முன் நிற்க, இரண்டின் அளவும் நாளும் எதிரெதிரே எழுதப்பட்டிருக்க, கை தானாகவே தயங்குகிறது. இந்தத் தயக்கத்தைத் தருவதையே அம்மென்பொருளின் தலையாய பயனாக நான் மதிக்கிறேன்.

குறைகளையும் மறைத்தல் முறையன்று. எழுத்துத் திரை என்பது சம அளவுச் சிறு அறைகளால் ஆனது. ஓரெழுத்துக்கு ஓர் அறை என்பது ஆங்கிலத்துக்கு ஒத்துவரும். நம் ‘கொ’ மெய்யின் முன்னும் பின்னும் குறி கொண்டு மூன்று உருவாக நிற்பது. இதனால் தமிழில் பெயரிட்ட கோப்புகளின் வரிசை பல திரைகளில் கோணலாகிறது. எழுத்துகள் பிரிந்தும் கிடக்கின்றன. இடைமுகத்தைத் தமிழாக்கும் முயற்சி நடந்ததற்குச் சான்றாக அதன் மொழிக் கோப்புகளுள் தமிழுக்கும் ஒன்று உண்டு. எனினும் திரையே இடம் கொடாதபோது மொழிபெயர்ப்பாளர் என் செய்வர்? ஆதலின் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தைத் தமிழில் வைப்பதே இப்போதைக்கு ஏற்ற வழி. இன்னொன்று: சில சாளரங்களில் எஃப்10 தட்டினால் வெளியேறாமல் வேறு பட்டியல் திறக்கும். எஸ்கேப் விசையைத் தட்டிப் பின் சுழியைத் தட்டினால் போதும்.

கோப்பு பிழைத்தது என்பதால் உடனே படிக்கலாம் என்றும் எண்ணிவிடலாகாது. யுனிகோடு பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டின் வழியாகத் தாம், தாப் என்னும் தர அமைப்புகள் வந்தன. டிஸ்கி தனியே வழங்கியது. பேராசிரியரின் கோப்புகளில் இரு வகையேனும் கலந்துள்ளன. எஃப்3 தட்டினால் தெரிவது பொருளற்ற குறிகளே. அவற்றை மாற்றிகளின் துணைகொண்டு யுனிகோடாக்கி, ஒவ்வொரு வரியையும் மனிதர் ஒருவர் படித்துச் சரிபார்த்தாக வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து அளிக்கப்பட்டது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. தமக்கையும் தமையனும் பயன்படுத்தி மூலையில் போட்ட அவ்வகை மடிக்கணினிகள் இரண்டை மாணவர் கொண்டுவந்துள்ளனர். மிட்நைட் கமாண்டருக்கு அவை தாராளம்.

சனிக்கிழமைதோறும் பிற்பகலில் துறை அறையில் இப்பணி நடைபெறுகிறது. மடை, கலிங்கு இரண்டும் முடிந்தன. இப்போது குமிழியில் நிற்கிறோம். அவ்வொரு சொல்லின் கீழ் மட்டும் சிறிய கோப்பில் இரண்டு வரிகள். பெரிய கோப்பில் மூன்று பக்கங்கள். அவற்றுள் சில ஊர்ப் பெயர்களைக் குறிகளிலிருந்து எங்களால் உறுதி செய்ய இயலவில்லை. திருமயம், அரிமளம் பகுதிக் கண்மாய்களை நன்கறிந்த பெரியவர்கள் ஒருநாள் வந்து உடனமர்ந்தால் பேருதவியாக இருக்கும்.