மழையில் சைக்கிள், காலில் கேரி பேக்

எங்களுக்குக் கோடை விடுமுறை என்பது ஜூன் மாதத்தில்தான் வரும். செமஸ்டர் பரீட்சை மே கடைசி வரை இழுக்கும். ஊர் உலகமெல்லாம் ஊட்டிக்குப் போய்த் திரும்பி வந்து துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு எங்களுக்கு லீவு. ஆக, கோடையில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க ஆசைப்பட்டால் மழையில்தான் மிதிக்க வேண்டும். அதிலும் கோயம்புத்தூரிலிருந்து மேற்கே போவதென்றால் கேட்கவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு ஓட்டை, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் நம் பக்கம் வருகிறது. நாம் அதற்கு எதிரே போக வேண்டும். உக்கடத்தில் சாரல், வாளையாறில் தூறல், கஞ்சிக்கோட்டில் கொட்டோ கொட்டு.

2024-இல் அந்த மழை மே 30-ஆம் தேதியே கேரளாவுக்கு வந்துவிட்டது. நானும் என் நண்பனும் கிளம்பியது ஜூன் மூன்றாவது வாரம். உக்கடத்திலிருந்து குருவாயூர், சுமார் 140 கிலோமீட்டர். ஏன் குருவாயூர் என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னான், நான் சரி என்றேன். அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன் நான் செய்த ஆராய்ச்சி இருக்கிறதே! கால் நனையவே கூடாது என்பதுதான் என் திட்டம். தடிமனான காட்டன் சாக்ஸ், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. அதன் மேல் ஆளுக்கொரு கேரி பேக், அதாவது ஒரு காலுக்கு ஒன்று. (தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை. ஆனால் எந்த வீட்டில்தான் மெத்தைக்கடியில் பத்து இல்லை?) கணுக்காலில் ரப்பர் பேண்ட். அதன் மேல் நன்றாக மூடிய ஸ்போர்ட்ஸ் ஷூ. நண்பன் வந்ததோ சாதாரண ரப்பர் செருப்பில். "ஏண்டா, பால் வாங்கப் போறியா?" என்று உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கே கேட்கிறது.

வாளையாறு வரை ராஜாதான் நான். அதற்கப்புறம் தண்ணீர் மேலே இருந்து வரவில்லை, கீழே இருந்து வந்தது. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மழையில் சைக்கிள் ஓட்டும்போது காலை நனைப்பது பெரும்பாலும் வானத்து மழை கிடையாது, நம் முன் சக்கரம்தான். ரோட்டில் கிடக்கும் தண்ணீரை அள்ளி நேராகப் பாதத்தின் மேல் பீய்ச்சி அடிக்கிறது. மிச்சத்துக்குத் தொடையில் வழிகிற தண்ணீர் ரப்பர் பேண்டைத் தாண்டிக் கேரி பேக்குக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கினது வெளியே போகாது. போதாக்குறைக்கு வியர்வை. உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்கால் ஒன்று. பாலக்காடு வருவதற்குள் இரண்டு கால்களையும் இரண்டு பை வெந்நீரில் ஊறப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தேன். நானே கட்டிய பைகள்!

ஆலத்தூருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கழற்றிப் பார்த்தோம். பாதம் வெள்ளை வெளேரென்று, ஊறவைத்த அவல் மாதிரி. தண்ணீரில் விரல் சுருங்குவது வெறும் ஊறல் இல்லையாம், நரம்பு செய்கிற வேலையாம். நரம்பு வெட்டுப்பட்ட விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். சுருக்கம் தானாகப் போய்விடும். வலிப்பது வேறு. மேல்தோல் தண்ணீர் குடித்து மெத்தென்று ஆகிவிட்டால் காய்ந்த தோல் மாதிரி வழுக்காது. சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். மணிக்கு நாலாயிரம் தடவைக்குக் குறையாமல் பெடல் சுற்றுகிற காலில் இந்த இழுவை என்ன செய்யும்? எனக்கு இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சாக்ஸோடு வந்துவிட்டது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு வெடிப்பு. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "அய்யோ மோனே" என்றார்.

எழுபது சொச்சம் கிலோமீட்டரில் முடிந்தது பயணம். கோயம்புத்தூரிலிருந்து காய்கறி கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டெம்போவில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றினோம். "நீ போடா, நான் மட்டும் திரும்பறேன்" என்று நான் சொன்னேன்தான். அவன் கேட்கவில்லை. வாளையாறு செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோதுதான் மெதுவாகச் சொன்னான். மார்ச்சில் அவன் அம்மாவுக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் சைக்கிள் மிதித்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா" என்றேன். "சொன்னா நீ சிரிப்பே" என்றான். செருப்புக்கே சிரித்தவன்தானே நான், பதில் சொல்ல வாயில்லை. கோட்டைக்கும் கூரைக்கும் நடுவில் வெங்காயத் தோல் பறந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் அந்த விரலிடுக்கு வெடிப்பு சீழ் வைத்து, கணுக்கால் வரை சிவந்து வீங்கி, காய்ச்சல். டாக்டர் ஏழு நாள் மாத்திரை எழுதினார். விரலிடுக்கில் ஒரு கீறல் போதும், கிருமி உள்ளே போய்க் காலையே வீங்க வைத்துவிடும் என்றார். சர்க்கரை இருக்கிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்து வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது என்றும் சொன்னார். (அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் சொன்னார்.)

ஆனைமலையிலிருந்து அமுச்சி பார்க்க வந்தது. ஆயுசில் பாதி நாள் நெல்லு வயலில் நாற்று நட்ட கால் அதுக்கு. கட்டிலில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"இது சேத்துப்புண்ணு சாமி. இதுக்கா ஊசி போட்டாங்க?"

சேற்றுப்புண்! சின்ன வயசில் கேட்ட வார்த்தை. தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டி அதை வாங்கி வந்தவன் எங்கள் வம்சத்தில் நான்தான் முதல் ஆள். வயலில் இறங்கும் முன் விரலிடுக்கில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்களாம். சாயங்காலம் கால் கழுவி, சேலைத் தலைப்பால் இடுக்கு இடுக்காகத் துடைத்து, அடுப்பு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டுதான் மற்ற பேச்சு. புண் வந்தால் மருதாணி அரைத்து வைப்பார்கள். "பகலெல்லாம் தண்ணிக்குள்ளதான் கண்ணு நிப்போம். ராத்திரி காஞ்சு கெடந்தா ஒண்ணும் ஆகாது" என்றது.

அமுச்சி சொன்னதைக் கொஞ்சம் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. முதல் உலகப் போரில், 1914-லிருந்து, பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் அழுகிப் போனது. பிரிட்டிஷ் ராணுவம் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? காலில் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய் தேய்ப்பது, காய்ந்த சாக்ஸ் மாற்றுவது, அதிகாரி வந்து கால்களைச் சோதிப்பது. வியட்நாமில் அமெரிக்கர்கள் நெல்வயலுக்குள் நடக்க வேண்டியிருந்தபோது, அவர்களுடைய பூட்ஸின் பக்கவாட்டில் தண்ணீர் வெளியேற ஓட்டை வைத்தே தைத்தார்கள். யாரும் தண்ணீரை உள்ளே விடாமல் ஜெயிக்கவில்லை. வருகிற தண்ணீர் வெளியே போக வழி விட்டார்கள், காலுக்குக் காய நேரம் கொடுத்தார்கள். நான் வழியையும் அடைத்து, நேரமும் கொடுக்கவில்லை.

2025 ஜூன் முதல் வாரம் மறுபடி கிளம்பினோம். நண்பன் அதற்குள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், மூன்று நாள் லீவு போட்டு வந்தான்.

இந்த முறை என் முதல் வேலை மட்கார்டு. முன் சக்கரத்து மட்கார்டின் அடியில் பழைய கார் டியூப்பை வெட்டி, தரைக்கு நாலு விரல் மேலே வரை தொங்குகிற மாதிரி போல்ட் போட்டேன். பஞ்சர் கடைக்காரர் காசு கூட வாங்கவில்லை. நம்புங்கள், காலுக்காக நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான், அது காலில் போடுவதே இல்லை. கொட்டுகிற மழையில் எதுவும் தாங்காது. ஆனால் மழை நின்று ரோடு மட்டும் ஈரமாக இருக்கிற நேரம்தான் அதிகம். அப்போது கால் நனையவே இல்லை.

அடுத்தது செருப்பா ஷூவா என்ற பட்டிமன்றம். ரப்பர் செருப்புதான் சிறந்தது என்று சொல்லத் தயாராக இருந்தேன், நண்பனே தடுத்துவிட்டான். போன தடவை அறுபது கிலோமீட்டருக்கு மேல் பெடலின் பல் செருப்பைத் தாண்டி அவன் உள்ளங்காலில் குத்தியிருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறான். (இவன் எதைத்தான் சொல்லுவான்?) கடைசியில் இருவருமே அடி கெட்டியான, பின்னால் வார் வைத்த சாண்டல் வாங்கினோம், பெடலையும் அகலமானதாக மாற்றினோம். சாண்டலில் மணல் ஏறும், வார் உரசும். அதனால் உள்ளே மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். காட்டன் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. இதைப் பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும்.

விளக்கெண்ணெய்க்குப் பதில் வாஸ்லின். தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தேன், நம் ஊர் சூட்டில் அது தண்ணீராக ஓடிவிடுகிறது. குதிகாலிலும் விரலிடுக்கிலும் மெல்லிசாகத் தடவினால் நிற்கிறது. பவுடர் மட்டும் மழையில் போட்டுவிடாதீர்கள், களிமண் ஆகும். பிளாஸ்திரி ஒட்டுவதென்றால் கிளம்பும் முன், வாஸ்லின் தொடாத காய்ந்த தோலில் ஒட்ட வேண்டும். நனைந்த பிறகு அது எதிலும் ஒட்டாது, சாக்ஸைத் தவிர.

பாலக்காட்டில் ஒரு தோர்த்து வாங்கினேன். மலையாளிகளின் அந்த மெல்லிய துண்டுக்கு ஈடு கிடையாது. டீ குடிக்க நிற்கிற ஒவ்வொரு தடவையும் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து, விரல் விரலாகத் துடைத்து, பத்து நிமிடம் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தோம். ஆலத்தூரில் அதே டீக்கடையைத் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. குதிரானில் சுரங்கப்பாதை வந்துவிட்டதால் பழைய ஏற்றத்தின் பயமும் இல்லை.

ஒரே நாளில் போயிருக்கலாம். வேண்டுமென்றே திருச்சூரில் தங்கினோம். ரூம் பையன் பழைய மாத்ருபூமி கொடுத்தான், சுருட்டிச் சாண்டல் வாருக்குள் திணித்தோம். சோப்புப் போட்டுக் கால் கழுவி, துடைத்து, ஃபேனுக்குக் கீழே எட்டு மணி நேரம். பிளாஸ்டிக் கவரில் நனையாமல் கொண்டுவந்த ஒரு ஜோடி சாக்ஸ் அந்த ராத்திரிக்கு மட்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குருவாயூர். வேட்டி கட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சாண்டலை ஒரு ஓரமாக விட்டுவிட்டு ஈரக் கல்லில் நின்றோம். நண்பன் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து என் காலைப் பார்த்தான். சுருங்கித்தான் இருந்தது, ஒரு கீறல் இல்லை. "போலாம் வா" என்றான். உள்ளே அவன் ரொம்ப நேரம் நின்றான், நான் தூணோரமாகக் காத்திருந்தேன்.

வெளியே வந்தால் அவன் சாண்டலைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடையது இருந்தது. பக்கத்துக் கடையில் அவன் வாங்கினான் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

நான் சிரிக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு அதைச் சொல்லி அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.