முதலில் வீட்டுக்காரர்களுக்கு

நாய்ப் பயிற்சி பார்க்கப் போன இடத்தில் முதல் அரைமணி நேரம் நாயைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஆதம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. உள்ளறைக் கதவை நாய் பிறாண்டிக்கொண்டிருக்க, கூடத்தில் வீட்டுக்காரர் ஒரு டென்னிஸ் பந்தைக் கீழே விட்டார். அது தரையைத் தொடும் கணத்தில் அவர் மனைவி கையிலிருக்கும் கிளிக்கர் என்ற சின்னக் கருவியை அழுத்த வேண்டும். பந்து ஒருமுறை எம்பிய பிறகே 'டிக்' கேட்டது.

"லேட்டும்மா. நாய் உக்காந்ததுக்குக் குடுக்க வேண்டியதை எழுந்ததுக்குக் குடுத்துட்டீங்க," என்றார் பயிற்சியாளர். மறுபடி பந்து விழுந்தது.

பதினோரு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தவர் பயிற்சியாளரான இந்தப் பெண். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய் விருந்தாளிகளைப் பார்த்து உறுமியபோது, வரவழைத்த பயிற்சியாளர் ஒருவர் சங்கிலியைச் சுண்டி அடக்கக் கற்றுக்கொடுத்தாராம். உறுமல் நின்றது. சில மாதத்தில் சத்தமே இல்லாமல் கடித்தது. "உறுமினா அடின்னு தெரிஞ்ச நாய் உறுமறதை விட்டுடும். பயத்தை விடாது," என்கிறார். காரணம் தேடிப் படிக்கத் தொடங்கியவர், வேலையையே விட்டார். காப்பகத்தில் கூண்டு கழுவினார், மூத்த பயிற்சியாளர் ஒருவரோடு வீடுவீடாகப் போனார், சேமிப்பைக் கரைத்துப் படித்தார். அதற்குப் பிறகே கட்டணம் வாங்கினார்.

இப்படிப் படித்துத்தான் ஆகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இத்தொழிலில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017இலும் செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இலும் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். அதனால்தான் 'நீதான் தலைவன் என்று நாய்க்குக் காட்டு' என்ற பாடம் இன்னும் விலைபோகிறது. அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பிய கருத்து அது. 1970இல் தம் நூல் வழியே அதைப் பரப்பிய டேவிட் மீச்சே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் திருத்தினார். திருத்தம் இன்னும் பல பயிற்சியாளர்களை எட்டவில்லை.

கிளிக்கரின் வழி வேறு: சரியாகச் செய்த கணத்தில் ஓர் ஓசை, உடனே ஒரு தீனி. உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த பிரேலண்ட் தம்பதி 1940களிலேயே விலங்குகளை இப்படிப் பழக்கினார்கள். ஹவாயில் காரன் பிரையர் டால்பின்களை விசிலும் மீனும் கொண்டு பழக்கினார். நீருக்குள் இருப்பதைச் சங்கிலி போட்டு இழுக்க முடியாதே!

ஒருவழியாக உள்ளறையிலிருந்து மணி வெளியே வந்தான். செவலை நிற நாட்டு நாய். அழைப்புமணி அடித்தால் கதவில் மோதிக் குரைப்பதுதான் புகார். அழைப்புமணி ஓசையைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த பயிற்சியாளர், காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிட்டார். மணியின் காது நிமிர்ந்தது. அவன் குரைக்க வாய் திறக்கும் முன்பே, பட்டாணி அளவில் நறுக்கிய வேகவைத்த கோழித் துண்டு மூலையில் கிடந்த பாயில் விழுந்தது. மறுபடி ஒலி, மறுபடி பாய். ஒலியைக் கூட்டிய பிறகு, துண்டு விழுவதற்கு முன்பே பாய்க்குப் போய் நின்றான்.

உட்காரச் சொன்னபோதுதான் சிக்கல். தாத்தா "சிட்" என்றார், பேரன் "சிட் டவுன்" என்றான், பாட்டி "உக்காருடா" என்றார். மணி மூவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பயிற்சியாளர் 'உக்காரு' என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். "சோறு போடறவங்க பாட்டி. அவங்க வார்த்தைதான் எல்லாருக்கும்."

படியிறங்கும்போது அவருக்கு அழைப்பு வந்தது. எட்டு மாத நாயை ஒரு மாதம் உங்களிடம் விடுகிறோம், பழக்கித் தாருங்கள் என்றது எதிர்க்குரல். மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை மனிதர்களையும் ஓசைகளையும் குட்டி எளிதாக ஏற்கும் பருவம். அது கடந்தபின் கூப்பிடுகிறவர்களே அதிகம் என்று முன்பே வருந்தியிருந்தார்.

"விட்டுட்டுப் போக வேண்டாம் சார். வீட்ல எத்தனை பேர்? எல்லாரும் இருக்கற நேரம் சொல்லுங்க, நான் வரேன்."

சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று குறித்துக்கொண்டார்.